கையுறையைப் பற்றி ஒரு வரி

ஜெரோம்,

சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் காகிதங்களை வைக்கப்போகிறேன். ரயில் கிளம்பியதும் நீ சாப்பிடமாட்டாய். ஜன்னலோரம் உட்கார்ந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் வாய்க்குள் படித்துக்கொண்டே போவாய். எண்ணூர் தாண்டி ஆற்றுப்பாலம் வரும்போது எழுந்துபோய்க் கதவருகே நிற்பாய். அதற்கப்புறம்தான் உனக்குப் பசி எடுக்கும். அப்போது இது உன் கையில் கிடைத்தால் சரி. முன்னாலேயே கிடைத்தால் வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவாயோ என்று ஒரு பயம். கிடைக்காமலே போய்விடுமோ என்று இன்னொரு பயம். இப்போது நீ முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாய். நைனா துறைமுகத்தில் இருக்கிறார், மதியத்துக்குள் வந்துவிடுவார். சாயந்திரம் மூன்று பேரும் சென்ட்ரலுக்குப் போகிறோம். அதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும். நேரில் சொல்லத்தான் ஒரு வாரமாக முயன்றேன். வாயைத் திறந்தால் ஒன்று சண்டையாகிவிடும், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு இரண்டுமே நல்லதில்லை.

உன் கட்டுரையைப் படித்துவிட்டேன். நீதான் அனுப்பினாய். டெல்லிப் பக்கம் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது காட்டவில்லை; நேர்முகத்துக்கு அழைப்பு வந்த அன்று, "இப்ப படிம்மா, இதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று போனில் அனுப்பினாய். போனில் படிக்க மனம் வராமல் ஆபீஸில் அச்செடுத்தேன். முதல் பத்தி அழகாக இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் ஆலை எண்ணெய் மிதந்த அந்த மழைக்காலம், கறுத்துப்போன கொக்கு, தண்ணீரின் மேல் வானவில் மாதிரி நெளிந்த நிறங்கள். பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். இரண்டாவது பத்தியில் உன் நைனா இறந்துபோயிருந்தார்.

முகத்துவாரக்குப்பத்து மீனவராம். கடலுக்குப் போன படகு திரும்பவில்லையாம். அடுத்த மழைக்காலத்தில் எண்ணெய் வந்து அவர் விட்டுப்போன வலைகளையும் கெடுத்ததாம். தகப்பனில்லாத மகன் வெறுங்கையால் அந்த எண்ணெயை அள்ளினானாம். அந்த மகன் நீயாம். படித்து முடித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அது யாருடைய வாழ்க்கை என்று எனக்குத் தெரியாதா? உன் தோஸ்து தினேஷுடையது. அவன் அப்பாவின் சாவுக்கு நாம் மூன்று பேரும் போய் வந்தோம். நீதான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

நான் படித்தவள். எழுதினால் நடந்துவிடும் என்று நம்புகிறவள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அன்றிலிருந்து நைனா வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறேன். அவர் வேலை உனக்குத் தெரியும். உயரத்தில் ஏறி, கிரேனின் இரும்புக் கயிறுகளுக்குக் கிரீஸ் பூசுகிற வேலை. இத்தனை வருஷமாக அவர் ஏறுவதை நினைத்து நான் பயந்ததில்லை. இப்போது காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போன் செய்கிறேன். "இன்னாமே, எதுக்கு சும்மா சும்மா போன் பண்ணிகினே கீற? ஊட்ல எதுனா பேஜாரா?" என்கிறார். ஒன்றுமில்லை, குழம்புக்கு மீனா கருவாடா என்று கேட்கத்தான் என்கிறேன். அவரும் நம்பிவிடுகிறார்.

உன்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. நீ முதலில் எழுதியது வேறு ஒரு கட்டுரை. அதை என்னிடம்தான் கொண்டுவந்தாய். அதில் இருந்ததெல்லாம் உண்மை. ஆனால் பாதிக்கு மேல் உன் குறைகள். எனக்குப் பேச்சு வராது, கணக்கில் சுமார், முதல் வருஷம் ஒரு பாடத்தில் தவறினேன் என்று ஒரு பக்கம் முழுக்க. உன்னைப் பற்றி எழுதச் சொன்னால் ஏன் இப்படி எழுதியிருக்கிறாய் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு யோசித்தேன். 'நான்' என்று ஆரம்பித்து நம் வீட்டுப் பிள்ளைகள் பேசிப் பழகிய இடம் ஒன்றே ஒன்றுதான், பாவசங்கீர்த்தனக் கூண்டு. அங்கே முழங்காலில் நின்று, செய்த தப்பை வரிசையாகச் சொல்லத்தான் கற்றுக் கொடுத்தோம். நான் இதில் கெட்டிக்காரன், எனக்கு இது பிடிக்கும், இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல உனக்கு யாரும் ஓர் இடம் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றதும், நீ போய் முழங்காலிட்டுவிட்டாய்.

அந்தக் கட்டுரையில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு வரி. நீ முதல் நாள் தினேஷ் வீட்டுப் பக்கம் போய் எண்ணெய் அள்ளிவிட்டுத் திரும்பியபோது நைனா உன் கையைக் கழுவிவிட்டு, மறுநாள் தன் கையுறைகளைத் தந்ததைப் பற்றியது. அந்த வரியை நான் பேனாவால் அடித்துவிட்டேன். "இதெல்லாம் எதுக்குடா, வீட்டு விஷயம்? மரியாதையா எழுது" என்றேன். உண்மைக் காரணம் அதுவல்ல. கிரீஸும் அழுக்கு நகமும் வேண்டாம், படித்த குடும்பமாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். மிச்சமிருந்ததை இலக்கணம் திருத்தித் தந்தேன். ஒரு தப்பும் இல்லாத, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை ஆகிவிட்டது.

உலகத்துக்கு ஏற்றுமதியாகும் பெட்டிகளில் என்ன சரக்கு இருக்கிறது என்று விவரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. நான் எந்தப் பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. அனுப்புகிறவர் சொல்வதை எழுதுகிறேன். 'வீட்டு உபயோகப் பொருட்கள்' என்று பொதுவாக எழுதினால் சுங்கத்தில் சந்தேகப்படுவார்கள். ரொம்ப ஜோடித்து எழுதினாலும் சந்தேகப்படுவார்கள். 'எவர்சில்வர் இட்லித் தட்டு, குழி உள்ளது' என்று இருப்பதை இருக்கிறபடி எழுதினால் அந்த இட்லித் தட்டு கண்முன் வந்துவிடும். தினமும் இதைச் செய்கிறவள்தான், சொந்த மகனின் கட்டுரையை 'வீட்டு உபயோகப் பொருட்கள்' ஆக்கினேன். கட்டுரைக்குக் கற்பனை வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். உன் விண்ணப்பம் போய்ச் சேருகிற இடத்தில் ஒருவர் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகப் படிக்கிறார். அவருக்கும் தூக்கம் வரும். எல்லோரும் கடந்துபோகிற ஒன்றைப் பொறுக்கி எடுத்து அவருக்குக் காட்டுவதற்குக் கற்பனை வேண்டும். அந்தக் கற்பனை உன்னிடம் இருந்தது. நான் அடித்த வரியில் இருந்தது.

அதற்கப்புறம்தான் நீ அண்ணாநகரில் விண்ணப்பம் எழுத உதவுகிற அந்த வழிகாட்டி மையத்துக்குப் போனாய். அங்கே இருந்த பையன் என்ன சொன்னான் என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாய். "ப்ரோ, உங்க ஏரியால ஸ்டோரி கொட்டிக் கெடக்கு ப்ரோ. நார்த் மெட்ராஸ், ஆயில், கடல், சாவு. இத வெச்சுக்கிட்டு கணக்குல சுமார்னு எழுதியிருக்கீங்களே! கிரியேட்டிவா யோசிங்க. படிக்கிறவங்க அழணும்." நானும் சிரித்தேன். மீன்சந்தையில் மீன் பொறுக்குவது மாதிரி நம் தெருவில் வந்து கதை பொறுக்குகிறானே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்கு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

உனக்கு மாங்காய் ஞாபகம் இருக்கிறதா? கோயிலில் முதல் நற்கருணை தரும் புதுநன்மைக்கு முன்னால், உன் முதல் பாவசங்கீர்த்தனம். உனக்கு முன்னால் போன பையன் உள்ளே வெகுநேரம் இருந்தான். உன்னிடம் இருந்ததோ ஜெபம் சொல்லும்போது தூங்கியது, நைனாவின் சீப்பை உடைத்தது. அவ்வளவுதான். உடனே வெளியே வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நீயாக ஒரு பாவம் சேர்த்துக்கொண்டாய். கோயில் வாசலில் மாங்காய் விற்கிற ஸ்டெல்லா அக்காவிடம் மாங்காய் திருடினேன் என்று. சாமியார் நல்ல மனுஷன். ஜெபத்தோடு விடவில்லை, போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லிவிட்டார். நீயும் போனாய். நான் உன் பின்னால் எதுவும் தெரியாமல் நிற்கிறேன்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. உங்க மாங்கா திருடிட்டேன்."

"இன்னாடா சொல்ற? எப்போ திருடுன? நான் பாத்துகினேதான குந்திகினு கீறேன்!"

"போன வாரம்."

"எத்தினி?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ரெண்டு பத்தை."

"அடப்பாவி! பாத்தா பூன மாதிரி கீது. யக்கா, இன்னா புள்ள வளத்துகீற?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அழுதுகொண்டே என்னிடம் உண்மையைச் சொன்னாய். நான் மறுவாரமே போய் அவளிடம் விளக்கினேன். அவள் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பெத்தவ வேற எப்படி சொல்லுவ?" என்றாள். அதற்கப்புறம் நீ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "தோ வரான் பாரு மாங்கா. தட்ட இப்டி இஸ்துக்கோ" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்வாள். வேடிக்கைக்குத்தான். ஆனால் தட்டு உண்மையாகவே நகரும். அவள் மாதவரத்துக்கு மகள் வீட்டோடு போகும்வரை நீ சுற்றுவழியாகப் பின்வாசலில்தான் கோயிலுக்குப் போனாய். செய்யாத ஒன்று உன் பெயராகவே ஆகிவிட்டது.

இப்போது எனக்குப் பயம், அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது மட்டுமில்லை. அதுவும் இருக்கிறது. உதவித்தொகைக்காக நீ இணைத்த வருமானச் சான்றிதழில் உன் நைனா உயிரோடு இருக்கிறார். யாராவது இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய பயம், அவர்கள் நம்பிவிட்டால்? இடம் கொடுத்து, தகப்பனில்லாத பிள்ளை என்று பரிவோடு நடத்தினால்? இரண்டு வருஷம் நீ அந்தப் பையனாகவே அங்கே இருக்க வேண்டும். நைனா பெயர் போனில் வந்தால் வராண்டாவுக்கு எழுந்து போய்ப் பேச வேண்டும். பட்டமளிப்புக்கு நாங்கள் வரலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டும். எந்த வழியாகச் சுற்றிப் போவாய்?

தினேஷையும் பார்த்தேன். போன சனிக்கிழமை நண்டு எடுத்துக்கொண்டு வந்தானே. "ஆன்ட்டி, நம்ம ஆளு கெலிச்சிட்டான்ல? எங்க குப்பத்தப் பத்தி எழுதிகீறான்னு சொன்னான். எங்கப்பா பேரு போட்டுகீறியா மச்சான்?" என்று கேட்டான். எவ்வளவு ஆசையாகக் கேட்டான்! நீ நண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாய். அந்தத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி என் கதை. ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே போயிருந்தாய். சாப்பிட்டுவிட்டு நைனா மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்திருந்தார். அலமாரியில் அந்த அச்செடுத்த காகிதங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே இது, புள்ள எழுதுனதா? படிச்சி காட்டு."

"இங்கிலீஷ்ல இருக்குங்க."

"அதான் நீ கீறியே, தமிழ்ல சொல்லேன். என்னப் பத்தி எதுனா கீதா?"

இருக்கிறது என்றேன். பொய் இல்லையே. எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை போடாத உடம்போடு, பூசைக்கு உட்கார்ந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. நான் காகிதத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாத ஒன்றை வாசிக்க ஆரம்பித்தேன். நீ எண்ணெய்க் கையோடு வந்து சோப்பு போட்டுத் தேய்த்தது. அது போகாமல் பாத்திரம் விளக்கும் தூளை எடுத்தது. நைனா அதைத் தட்டிவிட்டு, "தோலு போயிடும்டா, எண்ணய எண்ணதான் எடுக்கும்" என்று தேங்காய் எண்ணெயை ஊற்றி, பழைய துணியால் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தது. வளர்ந்த பிள்ளை, அவரைவிட உயரம், கையைக் குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஏன் போனாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் உன் செருப்புக்குப் பக்கத்தில் அவருடைய கையுறைகள் இருந்தன. அன்று அவர் வெறுங்கையோடு வேலைக்குப் போனார். இதையெல்லாம் நீ எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாயோ அப்படிச் சொன்னேன். எங்கே கொஞ்சம் நிறுத்துவாய், எங்கே சிரிப்பு வைப்பாய் என்றுகூட எனக்குத் தெரிந்தது. நான் அடித்த ஒரு வரி என் வாயில் ஒரு பக்கமாக வளர்ந்தது.

"கிளவுஸ் மேட்டரக்கூடவா எழுதிகீறான்?"

"எழுதியிருக்கான்."

"த்தோடா! அத்தையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே, "கிறுக்கன்மே அவன்" என்றார். திங்கட்கிழமை துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நேற்று கறிக்கடையில் அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி என்னை நிறுத்தி, "கிளவுஸ் பத்தி எழுதித்தான் உங்க பையனுக்கு டெல்லி பக்கம் சீட்டாமே?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். ஊர் முழுக்கத் தெரிந்த கட்டுரை ஒன்று. அது எழுதப்படவே இல்லை.

ஆக இந்த வீட்டில் இரண்டு கட்டுரை இருக்கிறது, ஜெரோம். ஒன்று நீ இட்டுக்கட்டியது, ஒன்று நான் இட்டுக்கட்டியது. உன்னுடையதில் அவர் செத்துப்போயிருக்கிறார். என்னுடையதில் இருப்பதெல்லாம் நடந்தது, நீ எழுதினாய் என்பதைத் தவிர.

உண்மையைச் சொல்லிவிடு என்று கட்டளை போட எனக்குத் தைரியம் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து, 'இரண்டாவது பத்தி என்னுடையதில்லை, என் நண்பனுடையது, என் அப்பா இருக்கிறார்' என்று நீ சொன்னால் அவர்கள் எழுந்து கைகொடுப்பார்கள் என்றெல்லாம் நான் நம்பவில்லை. இடம் போகலாம். அநேகமாகப் போகும். அந்த இடம் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வேண்டும். மணலிப் பக்கத்துப் புகையைத் தாண்டி நீ ஒரு தடவையாவது மூச்சுவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இன்று நேற்றில்லை. அதனால்தான் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைக்கூட நீ பாலம் தாண்டிய பிறகு படிக்கிற மாதிரி வைக்கிறேன். இறங்க முடியாத இடத்தில் வைத்துச் சொல்கிறேன், பார்த்தாயா.

நீ இதைப் படிக்கும்போது ஒன்று நடந்து முடிந்திருக்கும். பிளாட்பாரத்தில் உன் பெட்டியை நைனாதான் தூக்கி வந்திருப்பார். நீ கேட்டாலும் தந்திருக்கமாட்டார். ரயில் கிளம்புவதற்குள் உன்னிடம், "கிளவுஸ் பத்தி எழுதிகீறியாமே?" என்று கேட்டிருப்பார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது. நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று இங்கே அரிசி ஊறவைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. ஆமா நைனா என்றாயா? என்னைப் பார்த்தாயா? பார்த்திருந்தால், நான் ஏன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன் என்பது இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அறிவுரை இல்லை, உதவி. அவர்கள் எதைக் கேட்டாலும் சரி, எதைக் கேட்காவிட்டாலும் சரி, அந்தக் கையுறையைப் பற்றி அவர்களிடம் சொல். சொல்ல ஆரம்பித்தால் அதைக் கொடுத்த மனுஷன் உயிரோடு வந்துவிடுவார். அப்புறம் மற்றதையும் நீ சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன். சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்கு வாசித்துக் காட்டியது பொய்யாக இருக்காது. இடம் கிடைக்காமல் வந்தால் சென்ட்ரலுக்கு நாங்களே வருகிறோம். தினேஷையும் கூட்டி வருகிறேன்.

பெட்டியைத் திறக்கும்போது பயந்துவிடாதே. வெள்ளைச் சட்டைக்குக் கீழே பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் நைனா வைத்தது. "இன்டர்வியூல நம்ப மாட்டேன்னு சொன்னா எடுத்துக் காட்டட்டும்மே" என்றார். திங்கட்கிழமையே அந்தக் கையுறைகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார். இரண்டு தடவை துவைத்தும் விரல் நுனியில் அந்தக் கறுப்பு போகவில்லை.

அம்மா